கழுவாத குப்பை

விடிந்ததிலிருந்து நிங்ருமுக்குக் கால் தரையில் பாவவில்லை. தானே செய்த குப்பை பிரிக்கும் இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பெரிய தகர உருளை, அதன் உள்பக்கம் முழுக்க சைக்கிள் கம்பியை வளைத்து வைத்த பற்கள். உள்ளே போகிற பையைப் பற்கள் கிழிக்க வேண்டும். ஈரக்குப்பை ஓட்டைகள் வழியாகக் கீழே உதிர வேண்டும். மிச்சம் ஓடுபட்டையில் வரும்போது காற்று லேசான உறைகளை ஊதித் தள்ளும், கேமரா பார்த்துச் சொல்ல, தட்டுகள் போத்தலை ஒரு தொட்டிக்கும் அட்டையை இன்னொரு தொட்டிக்கும் தட்டிவிடும்.

இதில் அவளைப் படாத பாடு படுத்தியது பையின் முடிச்சுதான். சுராபாயாவில் எந்த வீட்டிலும் குப்பைப் பையை ஒரு முடிச்சோடு விடமாட்டார்கள். இரண்டு போட்டு, மனசு கேட்காமல் மூன்றாவதும் போடுவார்கள். முடிச்சைப் பிய்க்கிற பல்லின் வளைவு பிடிபட்ட அன்று அவள் கொட்டகைக்குள் தனியாக நின்று கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பாம்பு புகுந்துவிட்டது என்று கழியோடு ஓடிவந்தார்கள்.

இன்று நகராட்சி அதிகாரி பாக் ஹார்தோயோ, அதாவது ஹார்தோயோ ஐயா, வருகிறார். கலந்து கிடக்கிற குப்பையை இயந்திரம் அவர் கண்ணெதிரே பிரித்துக் காட்டினால் ஆற்றோரத்துக் கொட்டகை அதற்கே சொந்தம். இல்லையென்றால் கொட்டகையை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிடுவார்கள். இயந்திரத்தைக் கொண்டுபோய் வைக்க அவளுக்கு வேறு இடமில்லை.

தெருப் பெண்களிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வீட்டுக் குப்பை, எப்படி இருக்கிறதோ அப்படியே வேண்டும்.

அதிகாரி வந்தார், பின்னாலேயே பத்துப் பேர் வந்தார்கள். விருந்தாளி என்றால் ஆளுக்கொரு தின்பண்டப் பெட்டி கொடுக்காமல் எந்த வேலையும் தொடங்காது. பெண்களின் தலைவி, தெருவுக்கே அம்மாவான இபு ஸாமினியே சமைத்திருந்தார். ஒட்டும் அரிசிச் சோற்றில் கோழி வைத்து வாழையிலையில் சுற்றிய லெம்பர், பிளாஸ்டிக் உறையில் பொரித்த டோஃபு, பச்சை மிளகாய், கூடவே பிளாஸ்டிக் குவளையில் தண்ணீர். "அடடா, இபு, என்ன ருசி! இப்படி ஒரு லெம்பர் நான் சாப்பிட்டதே இல்ல" என்றார் பாக் ஹார்தோயோ. மற்றவர்களும் தலையாட்டினார்கள். உதவியாளர் பெட்டிகளையும் குவளைகளையும் கறுப்புப் பையில் திணித்து, முடிச்சுப் போட்டு, அதிகாரியின் நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

பிறகு பெண்கள் குப்பையைக் கொண்டுவந்தார்கள். போத்தல்கள் பளபளத்தன. அட்டைகள் மடித்து அடுக்கப்பட்டிருந்தன. பால் உறைகள்கூடக் கொடியில் காய்ந்த மடிப்போடு இருந்தன. எல்லாம் தனித்தனிக் கட்டுகளாக இருந்தன, சோப்பு வாசனை வேறு.

"இபு! அப்படியே கொண்டு வாங்கன்னுதானே சொன்னேன்?"

"சொன்ன, சொன்ன. ஆபீசர் முன்னாடி வீட்டு அழுக்கைக் கொட்டச் சொல்றியே, உனக்கே நல்லாருக்கா? யார் வீட்டுல என்ன தின்னாங்க, எதை வீணாக்குனாங்கன்னு தெருவே பாக்கணுமா? மானம் போயிடும், நிங்."

அவர்கள் அன்போடு தலையில் போட்ட கல் அது. நிங்ரும் இயந்திரத்தை ஓடவிட்டாள். போத்தல் கட்டு போத்தல் தொட்டிக்குப் போனது, அட்டைக் கட்டு அட்டைத் தொட்டிக்குப் போனது. பாக் ஹார்தோயோ கை தட்டினார், பெண்களைப் பார்த்து.

"இவ்வளவு சுத்தமா நீங்களே பிரிச்சிடுறீங்க. அப்புறம் எதுக்கு இந்த மிஷின்? வண்டி நிறுத்தவாவது இடம் ஆகட்டும்."

பெண்களின் முகம் மலர்ந்த வேகத்திலேயே வாடியது. அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. நிங்ருமின் கண் நாற்காலிக்கு அடியில் போய் நின்றது. அங்கே கறுப்புப் பை இருந்தது, மூன்று முடிச்சோடு.

"பாக், உங்க குப்பையைக் குடுங்க."

"எதை?"

"நீங்க சாப்பிட்ட பெட்டியை."

அதிகாரி காலால் பையை உள்ளே தள்ளினார். "ச்சே, அது அழுக்கும்மா. நாங்க சாப்பிட்டது. எல்லார் முன்னாடியும் எப்படி..."

இபு ஸாமினிக்குப் புரிந்துவிட்டது. கூச்சம் என்றால் என்னவென்று அவருக்கா தெரியாது? "கவலப்படாதீங்க, பாக். நாங்க பாக்கவே மாட்டோம்" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். அத்தனை பெண்களும் வரிசையாகத் திரும்பிக்கொண்டார்கள். அதற்குமேல் மறுக்க அந்த மனிதருக்கு வழியில்லை.

பை உருளைக்குள் விழுந்தது. கடகடவென்று சுற்றியது. ஒரு சுற்று, ஒன்றும் ஆகவில்லை. நிங்ரும் உதட்டைக் கடித்தாள். அடுத்த சுற்றில் பல் முடிச்சைக் கவ்விப் 'பர்ர்' என்று கிழித்தது. உறைகள் குபீரென்று பறந்து வலையில் ஒட்டின. தண்ணீர்க் குவளைகள் உருண்டு ஓடின. எண்ணெய் பிசுக்கேறிய அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுப்பட்டு விழுந்தன. "போகுது! பிரியுது! பாருங்க!" என்று நிங்ரும் குதித்தாள். சுவரைப் பார்த்து நின்றவர்களில் ஒருவர்கூட இப்போது சுவரைப் பார்க்கவில்லை. பாக் ஹார்தோயோவே குனிந்து, "இன்னொரு பை இருக்கா? யாராவது கொண்டு வாங்கப்பா!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

ஓட்டைகள் வழியாக ஈரக்குப்பை பொத்துபொத்தென்று விழுந்தது. மிளகாய்க் காம்பு, இலை, ஒரு கடி கடித்த லெம்பர். இன்னொரு லெம்பர். அப்புறம் முழுசாக, இலைகூடப் பிரிக்காமல் ஒன்று.

இபு ஸாமினி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு அதிகாரியைப் பார்த்தார்.

"சாப்பிட்டதே இல்லன்னு சொன்னீங்களே, பாக். நிஜமாத்தான் சொல்லியிருக்கீங்க."

அவர் காது வரை சிவந்துபோனார். "சர்க்கரை, இபு... டாக்டர்..." என்று இழுத்தவர், தானே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் கொட்டகையே அதிர்ந்தது. "கொட்டகை உங்களுக்குத்தான். இது எங்கேயும் போக வேண்டாம்" என்றார்.

நிங்ரும் அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரியாது. இபு ஸாமினி அவள் முதுகைத் தட்டினார்.

"நாளைக்கு எங்க வீட்டுப் பையைக் கொண்டு வர்றேன், நிங்."

"கழுவாம?"

இபு ஸாமினி தொட்டியிலிருந்த முழு லெம்பரை இன்னொரு முறை பார்த்தார்.

"கழுவாமத்தான். இது வெளிய வந்தும் அவரு மானம் போகல, எனக்கு மட்டும் என்ன போயிடப் போகுது?"