பிப்ரவரியில் மட்டும் பார்த்த ஊர்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், வாசகத் தோழரே. ஒளித்து வைத்துக் கடைசியில் திகைக்க வைக்கும் வித்தையில் எனக்கு நம்பிக்கை இல்லை. மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பனி கொட்டும் வடக்கு ஏரிக்கரை நகரான டுலூத்தில், எங்கள் தெருவில், ஒரு மனைவி தம் கணவர் வீட்டுப் பழைய சாமான்களை விற்க நடத்திய கராஜ் சேலில் வரிசையில் நின்று, தம் சொந்த வீட்டுப் பனிவாரியைக் காசு கொடுத்து வாங்கினார்.

விற்றவர் வெண்டல் நியேமி. இரும்புத்தாது ஏற்றும் கப்பல்துறையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். இந்தக் கோடை முடிந்ததும் ஓய்வு பெறப் போகிறவர். வாங்கியவர் மார்லிஸ் நியேமி. இதே நகரில் வீடுவீடாக நடந்து தபால் கொடுத்து, சென்ற இலையுதிர்காலத்தில்தான் பையைத் தோளிலிருந்து இறக்கியவர்.

"என்ன மார்லிஸ், விளையாடறியா? அது நம்ம சாமான்."

"விலை ஒட்டியிருக்கே. விக்கற சாமான்தானே? இந்தா, பிடி காசை."

"நாம குடி போற ஊர்ல எங்க பனி இருக்கு, வார்றதுக்கு?"

"இங்க இருக்கே. இன்னும் இங்கதானே இருக்கோம்?"

வெண்டல் வேறு வழியின்றி மீதிச் சில்லறையைக் கொடுத்தார். தெருவே சிரித்தது. பக்கத்து மேசையில் பழைய தூண்டில்களைப் புரட்டிக்கொண்டிருந்த நான் சிரிக்கவில்லை. ஊரார் கண்ணுக்கு அது வேடிக்கை; எனக்கோ, வாய்விட்டுச் சொல்லாத ஒரு மறுப்பு வரிசையில் நின்று ரசீது கேட்பதாகத் தோன்றியது.

2

இந்தக் கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "நீலக் கடல். அதன் ஓரம் ஒரு வெள்ளை வீடு. அதன் வாசலில் தென்னை —"

அடித்துவிட்டேன். சுற்றுலாத் துண்டறிக்கை எழுத உலகில் ஆளுக்கா பஞ்சம்?

இரண்டாம் தொடக்கம்: "உழைத்துக் களைத்த உலகத்தீரே! வாழ்நாள் முழுவதும் வாழ்வை ஒத்திவைத்துவிட்டு, முழங்கால் தேய்ந்த பிறகு கடற்கரை தேடி ஓடும் இந்த அவலத்தை —"

இதையும் அடித்தேன். வாக்கியம் பழுதில்லை; ஆனால் வெண்டலைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சென்ற குளிர்காலத்தில் அவர் தம் வீட்டு வாசலில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, எழவும் முடியவில்லை. மார்லிஸ் கடைக்குப் போய்த் திரும்பும்வரை வானத்தைப் பார்த்தபடி பனியில் கிடந்தார். அன்று அவர் அழவில்லை, யாரையும் திட்டவில்லை. "இன்னொரு குளிர்காலம் எனக்கு வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். பின்லாந்துக் குடிவழி வந்த, வாய் திறக்கவே யோசிக்கும் இவ்வூர்க்காரர் ஒருவர் அப்படி ஒரு வாக்கியம் சொல்வது, மாநாடு கூட்டித் தீர்மானம் நிறைவேற்றுவதற்குச் சமம்.

எனவே மூன்றாம் தொடக்கம், எளிமையாக:

ஆண்டுதோறும் பிப்ரவரியில் இந்த இருவரும் மெக்சிகோவின் மேற்குக் கரையில் உள்ள லா மொஹாரா என்ற சிற்றூருக்குப் போவார்கள். அங்கே எதெல்வீனா என்ற அம்மையாரின் வீட்டில் முன்கட்டை வாடகைக்கு எடுத்துத் தங்குவார்கள். பின்கட்டில் எதெல்வீனா இருப்பார். இப்போது அந்த முன்கட்டை அவர் விற்கச் சம்மதித்திருக்கிறார். டுலூத் வீட்டுக்கும் ஓர் இளம் தம்பதி விலை பேசிவிட்டார்கள்; ஜூலை முடிவதற்குள் அவர்களுக்குப் பதில் வேண்டும். குடியிருக்கும் வீட்டை விற்க இந்த மாநிலத்தில் கணவன், மனைவி இருவர் கையெழுத்தும் தேவை. வெண்டல் போட்டுவிட்டார். மார்லிஸ் போடவில்லை.

போடுவாரா? கதை இவ்வளவுதான்.

3

(ஓர் இடைக்குறிப்பு. இவர்கள் பேசும் மொழியில் எதிரில் நிற்பவர் எவராயினும் அவருக்கு ஒரே சொல்தான். தமிழில் எழுதும்போது என்ன நடந்தது தெரியுமா? முதல் வரைவில் மார்லிஸ் கணவரை "நீங்க" என்றார். வெண்டல் மனைவியை "நீ" என்றார். நான் கட்டளையிடவில்லை; பேனாவே அப்படிப் பழகியிருக்கிறது. நூற்றாண்டுப் பழக்கம் ஒரு மை முனையில் ஒளிந்திருந்தது! அந்த வரைவைக் கிழித்தேன். இந்தக் கதையில் இருவரும் "நீ"தான். கதைசொல்லியாகிய நான் இருவருக்கும் "அவர்" என்றே எழுதுவேன். படிக்கச் சற்று உறுத்தினால், உறுத்தட்டும்.)

ஜூன் மாதக் காலை. சமையலறை மேசையில் காபி, ஏலக்காய் ரொட்டி, நடுவில் வெண்டல் வரைந்த ஒரு நீராவிக் குளியலறைப் படம்.

"முற்றத்துல, எலுமிச்சை மரத்துக்கு அந்தப் பக்கம், சவுனா. விறகு அடுப்பு, கல்லு, ரெண்டு பலகை. நம்ம கொல்லைல இருக்கற மாதிரியே."

மார்லிஸ் ரொட்டியைக் கீழே வைத்தார். "அந்த ஊர்லயா? வேர்க்கறதுக்கு ஒரு ரூம் கட்டப் போறியா?"

"சனிக்கிழமை சவுனா இல்லாம எப்படி?"

"வெண்டல், அது வெயில் ஊர்."

"பிப்ரவரில ஒண்ணும் அவ்வளவு வேர்க்கலையே."

அந்த ஒரு வாக்கியத்தில் மார்லிஸ் நின்றுவிட்டார். மே மாதத்திலிருந்து தம்மை உறுத்திக்கொண்டிருந்தது எது என்று அவருக்கே அப்போதுதான் விளங்கியது.

"நாம அந்த ஊரை ஜூலைல பார்த்திருக்கோமா?"

"ஜூலைல அங்க யாரு போவா? ஜூலைக்காகத்தானே மத்த மாசமெல்லாம் இங்க உறைஞ்சு கிடக்கோம்?"

"குடி போயிட்டா ஜூலையும் அங்கதானே?"

வெண்டல் காபியைக் கலக்கினார். அதில் கலக்க ஒன்றும் இல்லை. அவர் சர்க்கரையே போடுவதில்லை.

"இத்தனை வருஷம் தெருத்தெருவா நடந்தவ நான். ஒரு தெருவை ஒரே பருவத்துல பார்த்துட்டு எனக்குத் தெரியும்னு சொல்றவனை நம்ப மாட்டேன். ஜூலையைப் பார்க்காம கையெழுத்துப் போட மாட்டேன்."

"சரி, போய்ப் பார்த்துட்டு வா. நான் வரல. ஏரில மீன் கிடைக்கற நேரம்."

வாசகத் தோழரே, இந்தப் பிழை இவர்கள் இருவருக்கும் மட்டும் உரியதன்று. எங்கள் நகரில் தெற்கே குடிபோகத் திட்டமிடும் எத்தனையோ பேர் இதைச் செய்கிறார்கள். பனிக்கு அஞ்சி ஓடும் மாதத்தில் மட்டும் ஓர் ஊரைப் பார்த்து, அதையே அந்த ஊரின் முகம் என்று நம்பிவிடுகிறார்கள். பிப்ரவரி என்பது அந்த ஊர் விருந்தாளிக்காக உடுத்திக்கொள்ளும் உடை. நான் கேட்கிறேன்: ஒரு மண்ணை அதன் நல்ல மாதத்தில் மட்டும் நேசிப்பவர்கள் அதன் குடிமக்களா, வாடிக்கையாளர்களா?

(கேள்வி நன்றாக விழுந்துவிட்டது. அதனாலேயே எனக்கு அதன்மேல் ஐயம். வழுக்கி விழுந்து பனியில் கிடந்தவரிடம் போய் இதைக் கேட்பேனா? கேட்கமாட்டேன். இருந்தும் வைத்திருக்கிறேன்.)

4

எதெல்வீனாவை எழுதுவதில்தான் தடுமாறினேன். முதல் வரைவில் அவர் கடலைச் சுட்டி ஞானம் பேசினார்: "மகளே, அலைக்கு ஊர் ஏது, பேர் ஏது, அது —"

போதும்! வடக்கிலிருந்து வருபவருக்கு உண்மை உணர்த்துவதற்கென்றே தெற்கில் ஒரு பெண்ணைப் படைத்து உட்கார வைப்பது, எழுத்தில் செய்யும் வாடகைச் சுரண்டல். அவரை அடித்தேன். அடித்த பிறகு தாமாக வந்த எதெல்வீனா வேறு ஆள். மீன் பொரித்து விற்பவர், முழங்கால் வலிக்காரர், வாய் நிற்காதவர், தமக்கென ஒரு திட்டம் வைத்திருப்பவர்.

ஜூலையில் மார்லிஸ் தனியாகப் போய் இறங்கினார். பிப்ரவரியில் நிரம்பி வழியும் உணவகங்கள் பூட்டிக் கிடந்தன. காற்று ஈரத்துணிபோல் முகத்தில் ஒட்டியது. முதல் பிற்பகலே, கடற்காற்று வரட்டும் என்று ஜன்னல்களைத் திறந்துவிட்டுக் கண்ணயர்ந்தார். விழித்தபோது கூடத்தில் மழைநீர் நின்றது; வாசலில் எதெல்வீனா தரைத்துணியோடு நின்றார். பிப்ரவரிகளில் வாய்நிறைய "சென்யோரா, சென்யோரா" என்று மரியாதையாக அழைத்தவர் அவர்.

"ஏடி மார்லிஸ்! மழைக்காலத்துல மேற்கு ஜன்னலைத் திறந்து போடுவாளா ஒருத்தி? மூளையைப் பனியிலயே விட்டுட்டு வந்துட்டியா?"

நூலகத்து வகுப்பில் மார்லிஸ் கற்ற ஸ்பானியத்தில் வசை இல்லை. ஆனாலும் முழுவதும் புரிந்தது. முகம் மலர்ந்தது.

"என்னைத் திட்டறியா?"

"திட்டாம? மடில போட்டுக் கொஞ்சவா? அந்த முனையைப் பிடி. பிழி. இன்னும் பிழி, தபால்காரி! கையில வலு இல்லையா?"

இருவரும் தரை துடைத்தார்கள். லா மொஹாராவில் தாம் முதன்முறையாக விருந்தாளி இல்லை என்று மார்லிஸுக்குத் தோன்றியது.

சில நாள் கழித்து ஒரு காலை, வீட்டுக்குப் பின்னால் சருகு புரளும் ஓசை. கதவடியில் முதலில் ஒரு நண்டு நுழைந்தது, பிறகு பத்து, பிறகு தரையே நகர்ந்தது. மழை தொடங்கியதும் முட்டையிடக் குன்றிலிருந்து கடலுக்கு இறங்கும் நண்டுகள். மார்லிஸ் துடைப்பத்தை எடுத்தார்.

"அதைக் கீழ போடு!" எதெல்வீனா பின்கட்டிலிருந்து கத்தினார். "ரெண்டு கதவையும் திற. பின்னால வந்து முன்னால போயிடும். இந்த வீடு அதுங்க வழில நிக்குது. கட்டும்போதே எங்கப்பாகிட்ட ஊரே சொல்லிச்சு. கேட்டாரா மனுஷன்?"

கதவுகளைத் திறந்துவிட்டு இருவரும் காலைத் தூக்கி மேசைமேல் வைத்துக்கொண்டு அமர்ந்தார்கள். அவர்களுக்குக் கீழே ஊர்வலம் ஒன்று, முழக்கமும் கொடியும் இல்லாமல், கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"வருஷா வருஷமா?" என்றார் மார்லிஸ்.

"வருஷா வருஷம். எனக்கு அலுத்துப்போச்சு. நீ முன்கட்டை வாங்கினதும் நான் பின்கட்டைப் பூட்டிட்டு மக வீட்டுக்குக் கிளம்பறேன். குவாதலஹாரா. மாடி வீடு. நண்டு ஏறாது."

மார்லிஸ் திரும்பிப் பார்த்தார். "நீ போயிடுவியா?"

"பின்ன? நீங்க மட்டும்தான் ஓஞ்சு உக்காரணுமா? எனக்கு முட்டி இல்லையா?"

"நீ போயிட்டா என்னை யாரு திட்டுவா?"

"உன்னைத் திட்டறதுக்காக நான் இங்கயே நனைஞ்சு சாகணுமா?"

"குளிர்காலத்துக்கு எங்க வீட்டுக்கு வா. மாத்தி மாத்தி இருப்போம்."

"பனியிலயா? நான் என்ன மீனா, ஐஸ்ல போட்டு வைக்க?"

இருவரும் மேசை ஆடும்படி சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது இருவருமே வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கையெழுத்தில் இப்போது மூவருடைய முதுமை தொங்கியது.

5

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: மார்லிஸ் கையெழுத்திடுகிறார். எதெல்வீனா பேருந்து ஏறுகிறார். வெண்டல் வெயிலில் அமர்கிறார். அடுத்த ஜூலையில் மார்லிஸ் தனியாகத் தரை துடை —

இரண்டாவது: மறுக்கிறார். டுலூத்தில் முதல் பனி விழுகிறது. வெண்டல் வாசற்படியில் நின்று, காலை வைக்கலாமா என்று —

மூன்றாவதில் மார்லிஸுக்கு ஓர் உரை எழுதிக் கொடுத்தேன். பெண்ணின் ஒப்பம் என்பது காகிதத்தில் இடும் கோடு அன்று என்று தொடங்கும் உரை; தயங்காமல் சொல்கிறேன், அருமையான உரை. மார்லிஸ் அதைப் பேச மறுத்துவிட்டார். மேசைமேல் கால்களை வைத்து நண்டு பார்த்துக்கொண்டிருப்பவருக்குச் சொற்பொழிவு பொருந்தவில்லை. அப்போது வெண்டலின் தொலைபேசி அழைப்பு வந்துவிட்டது.

"வீடு வாங்க வந்த பிள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க மார்லிஸ். போடுவியா, மாட்டியா?"

"நீ எப்பப் போட்ட?"

"மே மாசமே போட்டாச்சே."

"எதைப் பார்த்துட்டுப் போட்ட?"

மறுமுனையில் கதவு திறக்கும் ஓசை; வெண்டல் ஏரிப்பக்க முகப்புக்கு வந்தார்.

"இங்க நண்டு வீட்டுக்குள்ள நடந்து போகுது, வெண்டல். செருப்புல பூஞ்சை. நாம போனா எதெல்வீனா கிளம்பிடுவா. எனக்கு இந்த ஊர் இப்பத்தான் பிடிக்க ஆரம்பிச்சிருக்கு. பயமும் இப்பத்தான் வந்திருக்கு. கிளம்பி வா."

"இப்பவா? மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணுமே. நான் அங்க வந்து உக்காந்தா அவங்க வேற வீடு பார்த்துடுவாங்க."

"பார்க்கட்டும். நீ வந்து பாரு. பார்த்த பிறகும் உன் கையெழுத்து நிக்குமான்னு சொல்லு. அப்புறம் என்னோடதைக் கேளு."

வாசகத் தோழரே, கையெழுத்திடாதவரையே இதுவரை துரத்தித் துரத்திக் கேட்டோம்: போடுவாரா, மாட்டாரா? நான் கேட்டேன், வெண்டல் கேட்டார், நீங்களும் கேட்டுக்கொண்டுதான் வந்தீர்கள். கையெழுத்திட்டவரை ஒருவரும் கேட்கவில்லை. ஒப்புக்கொண்டவரிடம் காரணம் கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

எனவே கேள்வி இப்போது டுலூத்தில், ஏரியைப் பார்த்த ஒரு முகப்பில், காதில் தொலைபேசியோடு நிற்பவரிடம் இருக்கிறது. போனால் இந்த வீட்டை வாங்க வந்தவர்கள் கைநழுவலாம். கைநழுவினால் இன்னொரு குளிர்காலம் நிச்சயம். போகாவிட்டால், மனைவி பார்த்ததைப் பார்க்காமலேயே அவரிடம் கையெழுத்தைக் கேட்க வேண்டும். அவர் விமானம் ஏறினாரா என்பதை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அது என் கட்சியாகிவிடும். கடைசியில் அவர் கேட்டதை மட்டும் கேட்டபடியே தருகிறேன். அதற்கு அடுத்த வரி உங்களுடையது.

"மார்லிஸ்... அந்த நண்டு கடிக்குமா?"