படம் எடுங்கோ

பாக்யலட்சுமி டீச்சரின் ஃபோனில் நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். அதில் ஒன்றே ஒன்றுதான் அவள் பெற்றது. மற்றதெல்லாம் நியூசிலாந்தின் ஆக்லாந்தில், மவுண்ட் வெல்லிங்டன் பக்கத்து ஒரு சர்ச் ஹாலில் சனிக்கிழமைதோறும் நடக்கும் தமிழ்ப் பள்ளியில், பதினோரு வருஷமாக அவளிடம் 'அ' போடக் கற்றுக்கொண்டவை. தன் பெயரை முதன்முதலாகப் பிழையில்லாமல் பலகையில் எழுதிவிடும் பிள்ளை, மார்க்கரும் கையுமாக அந்தப் பெயருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒரு க்ளிக். அதற்குப் பேர்ப் படம் என்று பெயர். பேர்ப் படம் எடுக்காமல் அவள் வகுப்பைத் தாண்டிப் போன பிள்ளை கிடையாது.

அந்தப் படங்களை அழிக்கச் சொல்லிக்கொண்டுதான் அன்றைக்கு லிங்கேஸ்வரன் வந்து நின்றார். பள்ளியின் செயலாளர், மலேசியாவின் கிள்ளான்காரர், யாருக்கும் நோகாமல் பேசுகிற மனிதர். நோகாமல் பேசினாலும் சில விஷயம் நோகத்தான் செய்யும்.

"கமிட்டி முடிவு பண்ணிடுச்சு டீச்சர். பிள்ளைங்க படம் யாரோட சொந்த ஃபோன்லயும் இருக்கக் கூடாது. இந்த மாசக் கடைசிக்குள்ள அழிச்சிடணும்."

"ஏன்? நான் என்ன திருடியா வெச்சிருக்கேன்?"

"கோவப்படாதீங்க லா டீச்சர்."

கோபம் வராமல் என்ன செய்யும்? போன மாதம் மீசையும் தாடியுமாக ஒருத்தன் வாசலில் வந்து நின்று, "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்றான். தெரியவில்லை. சுத்தமாகத் தெரியவில்லை. பெயரைக் கேட்டு, ஃபோனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தால், முன்பல் இரண்டும் இல்லாமல் ஆறு வயது மனோஜ் சிரிக்கிறான். உடனே எல்லாம் வந்துவிட்டது. 'ழ' சொல்லச் சொன்னால் அழுவானே, அந்த அழுகைகூட வந்துவிட்டது. படம் இல்லாவிட்டால் அந்தப் பையன் அவளுக்கு யாரோ ஒரு தாடிக்காரன். அவளுக்கு வயது ஐம்பத்தாறு. ஃபோன் போனால் பிள்ளைகளும் போய்விடும் என்ற பயம் அவளுக்கு நிஜமாகவே இருந்தது. அதை வெளியே சொல்ல வெட்கம்.

"நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைங்கள நான் பார்த்துக்கக்கூட உரிமை இல்லையா?" என்றாள்.

லிங்கேஸ்வரன் குரலைத் தணித்தார். "தாரிணி ரெண்டு வாரமா வரலையே, ஏன்னு தெரியுமா டீச்சர்?"

தாரிணி ஏழு வயதுக் குட்டி. அம்மா நிருஜா யாழ்ப்பாணத்துப் பெண், பென்ரோஸில் ஒரு கிடங்கில் பொதி கட்டும் வேலை. மகளைக் கூட்டிக்கொண்டு ரானுயியிலிருந்து இரண்டு ரயில் மாறி வருவாள். பக்கத்திலேயே வேறு தமிழ் வகுப்பு இருக்க ஏன் இவ்வளவு தூரம் என்று டீச்சர் ஒருமுறை கேட்டதற்குச் சும்மா சிரித்தாள்.

"அந்தப் பிள்ளையோட அப்பா எனக்கு ஃபோன் பண்ணாரு," என்றார் லிங்கேஸ்வரன். "கிளாஸ் எத்தன மணிக்கு முடியும்னு ரொம்ப மரியாதையா கேட்டாரு. பள்ளி ஃபேஸ்புக் பக்கத்துல படம் பார்த்தேன்னாரு. நான் ஒண்ணும் சொல்லல. நிருஜாவக் கூப்பிட்டா, ஆடிப்போயிட்டாங்க. அந்த ஆளு அடிக்கிறவராம். கிட்ட வரக் கூடாதுன்னு கோர்ட்டு உத்தரவு இருக்காம். அவங்க ஆக்லாந்துல இருக்கறதே அவருக்குத் தெரியாம இருந்துச்சாம். பக்கத்துல இருந்த பிள்ளைங்க படத்தையெல்லாம் அன்னிக்கே தூக்கிட்டேன்."

பள்ளிப் பக்கத்தில் படம் போடுவது யார்? பாக்யலட்சுமிதான். தாரிணியின் பேர்ப் படத்தைப் போட்டு, கீழே பெருமையாக 'எங்கள் தாரிணி, ஆரம்ப நிலை, சனிக்கிழமை காலை 9.30' என்று எழுதியவளும் அவள்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்கிறதா?

"அந்தம்மாதான் எடுக்கச் சொன்னாங்க! என்கிட்ட மெசேஜ் இருக்கு. வரச் சொல்லுங்க, காட்டறேன்."

அடுத்த சனிக்கிழமை நிருஜா வந்தாள். மகளை அழைத்து வரவில்லை. வகுப்பு கலைந்து, பிள்ளைகள் போன பிறகு, குட்டி நாற்காலி ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

பாக்யலட்சுமி ஃபோனை நீட்டினாள். ஆண்டு விழா முடிந்த மறுநாள் நிருஜா ஆங்கில எழுத்தில் அனுப்பிய செய்தி. 'தாரிணி படம் எடுங்கோ மிஸ் ப்ளீஸ்.' அதன் கீழே டீச்சரின் பதில்: 'கண்டிப்பா மா!'

"நீங்கதானே கேட்டீங்க? விழா போட்டோவுல பிள்ளை பின்வரிசையில நிக்குது, தனியா ஒண்ணு எடுக்கச் சொல்றீங்கன்னு நினைச்சேன். அடுத்த வாரமே உக்கார வெச்சு, பேர் எழுதப் பழக்கி, எடுத்துப் போட்டேன்."

நிருஜா அந்தச் செய்தியின் மேல் விரலை வைத்தாள்.

"மிஸ், நான் எடுக்கச் சொன்னது ஃபேஸ்புக்கில இருந்த அந்த விழாப் படத்தை. அதுக்குள்ள இவளின்ர முகம் தெரிஞ்சது. ஒரு சிநேகிதி காட்டினவ. அதை எடுத்துவிடுங்கோ எண்டுதான் கேட்டனான். நீங்கள் 'கண்டிப்பா' எண்டு போட்ட உடன, எடுத்திட்டியள் எண்டு நிம்மதியா இருந்தனான்."

எடுப்பது. எடுத்துவிடுவது. பாக்யலட்சுமிக்கு அப்போதுதான் புரிந்தது. படம் எடு. படத்தை எடு. நடுவில் ஒரே ஒரு 'ஐ'. இரண்டாம் வேற்றுமை உருபு, தொகையில் மறைந்து வரும் என்று இதே ஹாலில், இதே பலகையில், மேல் வகுப்பு ஆசிரியர் வராத நாளிலெல்லாம் எத்தனை தடவை எழுதிப் போட்டிருக்கிறாள்! வார நாட்களில் அவளுக்கு ஐ.டி. கம்பெனியில் டெஸ்டர் வேலை. மற்றவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். ஒரு வார்த்தை, "எந்தப் படம்மா?" என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? பிள்ளையைப் படம் எடுப்பதை ஒரு தாய் வேண்டாம் என்பாள் என்று அவள் புத்திக்கு எட்டவே இல்லை.

"அவருக்குப் பதில் கிடைக்கேல்லை எண்டபடியால் இன்னும் வரேல்லை," என்றாள் நிருஜா. "போலீசுக்குச் சொல்லியிருக்கு. திரும்பவும் வீடு மாறவேணுமோ எண்டு யோசிக்கிறன். தாரிணி ஒவ்வொரு நாளும் தமிழ் ஸ்கூல் எண்டு அழுறாள்."

"என்னை மன்னிச்சிடும்மா," என்றாள் பாக்யலட்சுமி. அவள் பிள்ளைகளைத்தான் மன்னிப்புக் கேட்க வைப்பாள். அவளாகக் கேட்டு வெகு காலமாகிவிட்டது. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. நிருஜா எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டாள். "நான் எழுதினதும் வடிவா, விளங்கிற மாதிரி இல்லை மிஸ்," என்றாள்.

மறுநாள் ஞாயிறு மதியம் சாப்பிட்ட கையோடு பாக்யலட்சுமி உட்கார்ந்தாள். ஒவ்வொரு படமாக அந்தந்த வீட்டுக்கு அனுப்பி, 'இது உங்களுடையது. என்னிடம் இனி இருக்காது' என்று ஒரு வரி எழுதினாள். சிலர் இதயம் போட்டார்கள். சிலர் என்ன ஆச்சு டீச்சர் என்று பதறினார்கள். முப்பத்தேழு பேருக்கு எண் மாறிப்போயிருந்தது, பிரிஸ்பேன் போனவர்கள், ஊருக்கே திரும்பியவர்கள். அந்த முப்பத்தேழு முகங்களையும் வெகுநேரம் பார்த்தாள். யாரிடம் கொடுப்பது? கொடுக்க ஆளில்லை என்பதால் அது தனக்குச் சொந்தமாகிவிடாது என்று தனக்கே கொஞ்சம் கடுமையாகச் சொல்லிக்கொண்டாள். எல்லாவற்றையும் அழித்தாள். அழித்த படம் குப்பைக் கூடையில் முப்பது நாள் கிடக்கும் என்று டெஸ்டருக்குத் தெரியாதா? அந்தக் கூடையையும் காலி செய்தாள். அவள் பெற்ற ஒரு பிள்ளை மட்டும் மிச்சம். தோடு கழற்றிய காது மாதிரி அந்த ஃபோன் அவளுக்கு இருந்தது.

பள்ளி வேறு ஹாலுக்கு மாறியது. எங்கே, எத்தனை மணிக்கு என்பதைப் பெற்றோருக்கு மட்டும் சொன்னார்கள். வாசலில் லிங்கேஸ்வரன் நின்று வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து உள்ளே விட்டார். ஆறாவது சனிக்கிழமை தாரிணி வந்தாள். நிருஜா இந்த முறை வெளியே போகவில்லை. பின்னால் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"மிஸ், ஐ வான்ட் டு ரைட்," என்றாள் குட்டி.

"உன் பேர்தான் எழுதியாச்சே."

தாரிணி கேட்கவில்லை. எக்கி நின்று, நாக்கைத் துருத்திக்கொண்டு, பலகையில் எழுதினாள். நி. ரு. 'ஜா'வில் தடுமாறி, சட்டைக் கையால் துடைத்து, மறுபடி போட்டாள். நிருஜா. துணைக்கால்கூடச் சரியாக இருந்தது. மார்க்கரும் கையுமாக அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள். பேர்ப் படத்துக்கு எப்படி நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியுமே.

பாக்யலட்சுமியின் கை பழக்கத்தில் கைப்பைக்குள் போயிற்று. போன வேகத்தில் வெறுங்கையாகத் திரும்பி வந்தது. பிள்ளை இன்னும் சிரித்தபடியே நின்றது.

பின்னாலிருந்து நாற்காலி நகரும் சத்தம். நிருஜா வந்து தன்னுடைய ஃபோனை அவளிடம் நீட்டினாள்.

"மிஸ், படம் எடுங்கோ."

பாக்யலட்சுமி அவசரப்படவில்லை. "எடுக்கவா, எடுத்துடவா? தெளிவா சொல்லும்மா."

நிருஜா சிரித்தே விட்டாள். அவள் வாய்விட்டுச் சிரித்து அந்த ஹாலில் யாரும் கேட்டதில்லை. "எடுங்கோ மிஸ். புதுசா ஒண்டு எடுங்கோ."

எடுத்தாள். ஒன்றே ஒன்று. தாரிணி ஓடி வந்து பார்த்துவிட்டு, "வில் யூ கீப் இட், மிஸ்?" என்றாள்.

"இல்லடா கண்ணு. அம்மா வெச்சுப்பாங்க."

"பட் யூ வில் ஃபர்கெட் மீ."

பாக்யலட்சுமிக்கு அந்தத் தாடிக்கார மனோஜ் நினைவுக்கு வந்தான். மாட்டேன் என்று பொய் சொல்ல அவளுக்கு மனசில்லை.

"மறந்தாலும் மறப்பேன்," என்றாள். "நீ வந்து உன் பேரைச் சொல்லு. தமிழ்ல சொல்லணும், சரியா?"

"சரி மிஸ்," என்றாள் தாரிணி, தமிழில். பாக்யலட்சுமி ஃபோனை நிருஜாவிடம் கொடுத்தாள். நிருஜா அதை வாங்கிக் கோட்டுப் பையில் போட்டு, ஜிப்பை மூடிக்கொண்டாள்.