பச்சைக் கிரேன்

"கிரேனுக்கு இன்னா கலரு?" என்று கேட்டேன்.

அண்ணன் சோற்றில் மீன் ஆணத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான். வாயில் கவளம் இருந்ததால் உடனே பதில் வரவில்லை. மென்றபடியே வீட்டைச் சுற்றிப் பார்த்தான். கொடியில் துணி, மூலையில் அம்மாவின் தகரப் பெட்டி, சுவரில் காலண்டர். பிறகு, "பச்சை" என்றான்.

"இன்னா பச்சை? கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா?"

"அல்லாத்தையும் நானே சொல்லிட்டா ரைட்டர் நீ எதுக்குமே? பச்சைன்னா பச்சை. போட்டுக்க."

அப்படியே எழுதிக்கொண்டேன். அவன் கையைக் கழுவிவிட்டு, தலை கனக்கிறது என்று சொல்லிப் பாயை விரித்துப் படுத்தான். அதற்குப் பிறகு அவன் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் அது. ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில் குடியிருந்தோம். அத்தாவுக்குப் பழைய வண்ணாரப்பேட்டையில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை. அண்ணன் மஜீது துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறித்துக்கொள்வது வேலை. நான் ஜஹானாரா, பள்ளிக் கடைசி வகுப்பான ஆறாம் பாரம் படித்துக்கொண்டிருந்தேன். திரை போட்ட கைரிக்‌ஷாவில் பள்ளிக்கூடம் போய் அதிலேயே திரும்புவேன். பக்கத்தில் பிலோமி உட்கார்ந்து வருவாள். எங்கள் சந்து முனையில் வீடு அவளுக்கு. "உங்க வூட்டுத் திரையால என் மூஞ்சிக்கும் வெயில் படல" என்று ரிக்‌ஷாக்காரருக்குக் கேட்கிற மாதிரியே சொல்லுவாள்.

அந்த வயதில் நான் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். பெயர் 'ஒற்றைக் கை'. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஓர் இளைஞனின் கதை. அவன் மேலேயிருந்து ஊரையே பார்க்கிறான், கீழே இருக்கிற யாருக்கும் அவன் முகம் தெரியாது. நான் கிரேனைப் பார்த்ததே இல்லை. எங்கள் மாடியில் ஏறினால் மாதா கோயில் கோபுரமும் கடலில் ஒரு கீற்றும் தெரியும். மற்றதைக் கிடங்குகள் மறைத்துவிடும். துறைமுகத்துக்குள் போக வேண்டுமானால் பாஸ் வேண்டும். அந்தப் பாஸ் அண்ணனிடம் இருந்தது. அவன் பார்த்துவிட்டு வந்து சொல்வான், நான் எழுதுவேன்.

நாவல் வெளிவந்தது 'கரையோரம்' என்ற கையெழுத்துப் பத்திரிகையில். தெருக்கோடிப் படிப்பகத்துக்காரர்கள் மாதம் ஒன்று கொண்டுவருவார்கள். மொத்தமே ஒரு பிரதிதான். அண்ணனின் தோஸ்து தண்டபாணி அதற்கு ஆசிரியர். பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை முடித்து வந்து, எல்லாருடைய எழுத்தையும் தன் அழகான கையெழுத்தில் படியெடுத்துப் படம் போட்டுத் தைப்பார். அந்த ஒரு பிரதி வீடு வீடாகப் போகும். கடைசிப் பக்கங்கள் வெறுமையாக இருக்கும். படித்தவர்கள் அதில் கருத்து எழுதி அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுவார்கள்.

முதல் அத்தியாயத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது அண்ணன் என்பதால், தண்டபாணி தலைப்புக்குக் கீழே 'மஜீது' என்று எழுதிவிட்டார். அண்ணன் அதைத் திருத்தவில்லை. என்னிடம் வந்து சிரித்தான். கடைசி அத்தியாயத்தில் உன் பேரைப் போடச் சொல்கிறேன், அன்றைக்குப் படிப்பகத்தில் அத்தனை பேரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறதைப் பார்க்க வேண்டும் என்றான். எனக்கும் அது பிடித்திருந்தது. பிலோமியிடம் மட்டும் சொன்னேன்.

எழுதுவதற்கு நேரம் என்று தனியாக ஒன்று கிடையாது. குழாயில் தண்ணீர் வருமுன் கொஞ்சம், அம்மா மாவரைக்கக் கூப்பிடுமுன் கொஞ்சம். தாள், அத்தா கடையில் தார்ப்பாய் சுற்றி வருகிற பழுப்புத்தாள். அதில் மை ஊறும். நான்காம் அத்தியாயத்தின் மேல் பக்கத்து வீட்டுக் குழந்தை கஞ்சியைக் கவிழ்த்ததால் முழுவதையும் திரும்ப எழுதினேன். கணக்கு வகுப்பில் அல்ஜீப்ராப் புத்தகத்துக்கு அடியில் வைத்து எழுதியதை டீச்சர் பிடித்துக்கொண்டார். எல்லாரும் கேட்கட்டும் என்று உரக்கப் படித்தார். பாதியில் அவரே நிறுத்தி, தாளைத் தன் மேஜைக்குள் போட்டுப் பூட்டினார். கணக்கில் தேறாவிட்டால் பெரிய பரீட்சைக்கு அனுப்பமாட்டேன் என்றார். மாலையில் அண்ணனிடம் அழுதேன். "டீச்சரும் பட்ச்சிட்டாங்களா? அப்ப நம்ம சர்க்குலேசன் ஏறிப்போச்சு" என்றான்.

பச்சைக் கிரேன் வருவது ஐந்தாம் அத்தியாயத்தில். நான் அதை முடித்தபோது அண்ணனுக்குக் காய்ச்சல் இறங்காமல் இருந்தது. பார்க்க வந்த தண்டபாணியிடம் தலையணைக்கு அடியிலிருந்து அவனே எடுத்துக் கொடுத்தான். அது விஷக்காய்ச்சல் என்று பிறகு தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள். தேறிவிட்டான் என்று ஒருநாள் சொன்னார்கள், கஞ்சி குடித்தான் என்றும் சொன்னார்கள். மறுநாள் ஜனாஸாவாகத்தான் வந்தான். பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போகிற வழக்கமில்லை. வாசல் வரைக்கும்தான் அவனை எனக்குத் தெரியும்.

ஃபாத்திஹா எல்லாம் முடிந்து, துக்கம் கேட்க வருகிறவர்கள் குறைந்தபின் தண்டபாணி, வீடுகளைச் சுற்றி வந்துவிட்ட அந்த மாத 'கரையோர'த்தைக் கொண்டுவந்து அத்தாவிடம் கொடுத்தார். ஐந்தாம் அத்தியாயம் வந்திருந்தது. அதன் கீழே கறுப்புக் கட்டம். 'ஒற்றைக் கை ஆசிரியர் நண்பர் மஜீது மறைந்தார். நாவல் இத்துடன் நின்றது.'

தன் மகன் நாவல் எழுதினான் என்பது அத்தாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். தண்டபாணியிடம் பழைய இதழ்களையும் வாங்கிவந்து முதலிலிருந்து படித்தார். கடையைத் தாமதமாகத் திறந்தார். வருகிறவர்களை உட்காரவைத்து வாசித்துக் காட்டினார். "என் புள்ளைக்கு இவ்ளோ தமிழ் தெரியும்னு எனக்குத் தெரியாமயே பூடுச்சே" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். நான் உள்ளே அம்மாவோடு உட்கார்ந்து என் வரிகளைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அம்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் நான் எழுதுவதைத் தினமும் பார்த்தவள். என் முகத்தைப் பார்ப்பாள்.

அத்தா கடைக்குப் போனபின் இதழை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். விதவிதமான மையில் அனுதாபங்கள். ஒன்று பென்சிலில் இருந்தது.

'மஜீது தம்பிக்குக் கிடங்குக்குள்ளே வேலை. ஏணி ஏறினால் தலை சுற்றும் என்பார். ஆனால் சாப்பாட்டு மணி அடித்ததும் என்னிடம் வந்துவிடுவார். மேலேயிருந்து என்ன தெரியும், காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்று கேட்பார். கடைசியாக வந்த அன்று, பாரம் இறங்கும்போது கைக்கு எப்படி இருக்கும் என்று கேட்டார். நான் சொன்னதையெல்லாம் பிசகாமல் எழுதியிருக்கிறார். கிரேன் பச்சை என்று மட்டும் ஏன் எழுதினார் என்று விளங்கவில்லை. எங்கள் கிரேன் கறுப்பு. இப்படிக்கு, வேதமாணிக்கம், கிரேன் டிரைவர்.'

மூலையில் அம்மாவின் தகரப் பெட்டி இருந்தது. கல்யாணத்துக்கு அவளுடைய தாய்வீட்டில் வாங்கிக் கொடுத்த பெட்டி. பச்சைப் பெயிண்ட் அங்கங்கே உரிந்திருந்தது. சோற்றை மென்றபடி அண்ணன் சுற்றிப் பார்த்தது இந்த மூலையையும்தான்.

மறுநாள் ரிக்‌ஷாவில் பிலோமி கேட்டாள். "கறுப்புக் கட்டம் கட்டி நீ செத்துட்டேன்னு போட்டுட்டானுங்க. இன்னா பண்ணப் போற?"

"ஆறாவது அத்தியாயம் எழுதப் போறேன்."

"உங்க அத்தா?"

பேசாமல் இருந்தால் மகன் எழுத்தாளனாகவே இருப்பான். பேசினால், அவருக்கு மிஞ்சியிருப்பதையும் நானே பிடுங்கியதாகிவிடும். ஆனால் கதை பாதியில் நிற்கிறது. கிரேனில் ஏறிய அந்த இளைஞனைக் கீழே இறக்கிவிட என்னைத் தவிர யாரும் இல்லை. முதலில் எழுதுவோம், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

எழுத உட்கார்ந்தால் ஒன்றும் ஓடவில்லை. கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. பாரம் இறங்கும்போது கைக்கு எப்படி இருக்கும் என்று அண்ணன் கேட்டிருக்கிறான். பதிலைச் சொல்வதற்குள் படுத்துவிட்டான். வீட்டுக்குப் பின்னால் ஐந்து குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரு கிணறு. அங்கே போய் வாளி நிறைய இறைத்து, நிறைந்த வாளியையே திரும்ப உள்ளே இறக்கினேன். கயிறு, அத்தா கடைக் கயிறு. வேகமாக விட்டால் உள்ளங்கையைச் சுட்டது. மெதுவாக விட்டால் தோள் இழுத்தது. தண்ணீரைத் தொட்டதும் கை திடீரென்று ஒன்றுமில்லாமல் ஆனது. மறுபடி ஏற்றினேன், மறுபடி இறக்கினேன்.

"எடுத்த தண்ணிய எதுக்குடி திருப்பி ஊத்திக்கினு கீறே?" என்று அம்மா வந்து நின்றாள்.

"அத்தியாயத்துக்கு" என்றேன்.

என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவிவிட்டாள். அன்றைக்கு மாவை அவளே அரைத்துக்கொண்டாள்.

இதற்கு நடுவில் அரையாண்டுப் பரீட்சை வந்தது. தமிழில் முதல் மார்க், கணக்கில் தோல்வி. இன்னொரு முறை தேர்வு வைப்பேன், அதிலும் போனால் அடுத்த வருஷம்தான் என்றார் டீச்சர். பிலோமி ரிக்‌ஷாவிலேயே எனக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தாள். போகும்போது கணக்கு, வரும்போது நாவல் என்று ஏற்பாடு. அவளுக்குக் கணக்குப் போக மீதிக் கவலை முழுவதும் கதாநாயகனுக்கு யாரைக் கட்டிவைப்பது என்பதில் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து அத்தா சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது, ஆறாம் அத்தியாயத்தை அவர் முன்னால் வைத்தேன். தேநீரைக் கீழே வைத்துவிட்டுப் படித்தார். முதல் தாளிலேயே நிமிர்ந்தார்.

"இது யாரு எழுதுனது?"

"நான்தான் அத்தா. முன்னாடி வந்ததும் நான்தான்."

மீதியையும் படித்து முடித்தார். தாள்களை ஒழுங்காக அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினார். அம்மா அடுப்பங்கரை வாசலில் நின்றாள்.

"அப்ப மஜீது இன்னாதான் பண்ணான்?" என்றார்.

அவர் குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அலமாரியிலிருந்து 'கரையோர'த்தை எடுத்து, வேதமாணிக்கம் எழுதிய பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். வருகிறவர்களுக்குக் கதையைத்தான் வாசித்துக் காட்டியிருந்தார், பென்சில் எழுத்தை அதுவரை பார்த்திருக்கவில்லை.

"ஏணின்னாலே அவனுக்கு ஆவாது அத்தா. சாப்பாட்டு நேரத்துல எனக்காகப் போய் நின்னு கேட்டிருக்கான். அவன் வந்து சொல்லாட்டி எனக்கு ஒண்ணுமே தெரியாது."

அத்தா இரண்டு முறை படித்தார். "சோத்த துன்னாம போய்க் கேட்டானா" என்று மட்டும் சொன்னார். எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அன்று முழுவதும் ஆறாம் அத்தியாயம் எங்கே என்று தேடினேன், கிடைக்கவில்லை. கிழித்துப் போட்டிருப்பார் என்றுகூட நினைத்தேன். கிழித்தாலும் திரும்ப எழுதலாம், கிணறு எங்கும் போய்விடாது என்று சொல்லிக்கொண்டு கணக்கை எடுத்து உட்கார்ந்தேன்.

மாலையில் தண்டபாணி வாசலில் வந்து நின்றார். அத்தா காலையில் ஜும்ஆத் தொழுகைக்கு முன்பே படிப்பகத்துக்குப் போய்த் தாள்களைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். தண்டபாணி உள்ளே பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு அம்மாவிடம் பேசினார். "அம்மா, உசுரோட கீறவங்களுக்கு இரங்கல் போட்ட ஒரே எடிட்டர் நான்தான். தங்கச்சிகிட்ட மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க." அம்மா எங்கள் வீட்டில் வெகுநாள் கழித்துச் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே வந்து அழுதாள்.

தலைப்புக்குக் கீழே என்ன போடுவது என்று அவர் கேட்டார். கதவுத் திரைக்கு இந்தப் பக்கமிருந்து நான் சொன்னேன். அடுத்த இதழில் அப்படியே வந்தது. 'எழுதியது ஜஹானாரா. கேட்டு வந்து சொன்னது மஜீது.'

அந்த இதழ் வீடுகளைச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது கடைசிப் பக்கத்தில் பென்சில் எழுத்தைத் தேடினேன். ஒரே வரிதான். 'கைக்கு அப்படித்தான் இருக்கும்.'

ஏழாம் அத்தியாயம் ஒரு மாதம் தள்ளிப்போனது. நாவலாசிரியை கணக்குத் தேர்வில் இருப்பதால் கிரேன் இந்த மாதம் ஓடாது என்று தண்டபாணி அறிவிப்புப் போட்டிருந்தார். அது பள்ளிக்கூடம் வரைக்கும் போய், டீச்சர் காதிலும் விழுந்தது. இரண்டாம் தேர்வில் மயிரிழையில் தேறினேன். மேஜைக்குள் பூட்டிய தாளை டீச்சர் அன்று திருப்பிக் கொடுத்தார். மடிப்புகளில் தேய்ந்திருந்தது.

நாவல் அடுத்த வருஷம் முடிந்தது. கடைசி அத்தியாயம் வந்த மாதம் படிப்பகத்தில் யாரும் வாயைப் பிளக்கவில்லை, எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்தது. அதில்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

அதற்குச் சில வருஷங்கள் கழித்து மண்ணடியில் ஓர் அச்சகக்காரர் அதைப் புத்தகமாகப் போட்டார். அதற்குள் அத்தா தன் கடை வேலையாகத் துறைமுகத்துக்குப் போகும்போது ஒருமுறை பாஸ் வாங்கி என்னையும் அழைத்துப் போய்க் கிரேனைக் காட்டியிருந்தார். வேதமாணிக்கம் மேலேயிருந்து கையசைத்தார், முகம் தெரியவில்லை. காற்று, ஏணியின் வளைவு, கொக்கி ஆடுகிற விதம் எல்லாவற்றையும் நானே பார்த்து, அச்சுக்குப் போகுமுன் பல இடங்களைத் திருத்தினேன். அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவரும் கவனமானவர். ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, கறுப்பு அல்லவா என்று ஓரத்தில் கேட்டிருந்தார். நான் அந்த வட்டத்தை அடித்துவிட்டேன்.

இப்போது மூன்றாம் பதிப்பு. அத்தாவும் அம்மாவும் இல்லை, பிலோமியும் போன வருஷம் போய்விட்டாள். ஐந்தாம் அத்தியாயத்தில் கிரேன் பச்சைதான்.