நூற்றிப் பத்துப் பாகை

ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி தருகிற ஜெனிற்றா என் முழங்காலின் பக்கத்தில் இரண்டு கை வைத்த அந்தப் பிளாஸ்ரிக் அளவுகோலை வைத்தாள். ஒரு கையைத் தொடையோடும் மற்றதைக் கணுக்காலோடும் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் மடியுங்கோ அம்மா" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு மடித்தேன். மூட்டு மாற்றி ஒப்பரேசன் செய்து பதினோராவது கிழமை. காயம் ஆறி, வீக்கம் வற்றி, பார்வைக்குக் கால் நல்ல வடிவாக இருந்தது. "நூற்றிப் பத்துப் பாகை" என்று கொப்பியில் எழுதினாள். போன கிழமையும் நூற்றிப் பத்து, அதற்கு முதல் கிழமையும் அதுதான்.

"நூற்றைம்பத்தைஞ்சு எப்ப பிள்ளை வரும்?"

அவள் சிரித்தாள். குருநகர்ப் பிள்ளை, வாய் நிறையச் சிரிக்கிறவள். "நூற்றைம்பத்தைஞ்சோ? ஆரம்மா உங்களுக்குச் சொன்னது?"

ஆர் சொன்னது! அந்த மூட்டைச் செய்தவனே சொன்னது.

என் மகன் வாகீசன் சிங்கப்பூரில் செயற்கை மூட்டுகள் செய்கிற கொம்பனி ஒன்றில் இஞ்சினியர். இரண்டு வருசத்துக்கு முதல் லீவில் வந்தபோது பெட்டி நிறையக் கமராவும் கம்பியும் கொண்டுவந்தான். புன்னாலைக்கட்டுவனில் எங்கள் வெங்காயத் தோட்டத்தின் வரம்பில் அவற்றை நட்டுவைத்து, என் இடுப்பிலிருந்து பாதம் வரை வெள்ளைப் பொட்டுகளாக ஒட்டினான். அம்மா குந்தியிருந்து நடவேண்டும், நகர வேண்டும், எழும்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை என்றான். அதை நான் நாற்பது வருசமாகச் செய்கிறேன், அதற்கு ஒரு படமா! அடுத்த வரிசையில் நின்ற பூரணம், "அக்கா, இனி எங்களோடை கதைப்பியளோ, நடிகையாகிவிட்டியள்" என்று பகிடி விட்டாள். நானும் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு நட்டேன்.

அன்று மத்தியானம் சிரட்டை ஒன்றைச் சாப்பாட்டுத் தட்டின் மேல் கவிழ்த்து உருட்டி எனக்கு விளங்கப்படுத்தினான். இதுவரை போடுகிற மூட்டெல்லாம் கதிரையில் இருக்கிற சனத்துக்குச் செய்தவை. அளவுக்கு மிஞ்சி மடித்தால் பின்விளிம்பு தட்டில் இடித்து நிற்கும். அவன் செய்கிறது பின்பக்கம் கூடுதலாக உருண்டது. நூற்றைம்பத்தைஞ்சு பாகை மடித்துக் குந்தினாலும் வழுக்கிக்கொண்டு போய் இருக்கும். "உங்கடை கால் எப்பிடி மடியுதோ அப்பிடியே செய்யிறம் அம்மா. செய்து முடிஞ்சதும் முதல் மூட்டு உங்களுக்குத்தான்." அப்போதே என் வலது முழங்கால் தேய்ந்து, இரவில் காலை நீட்ட முடியாத வலி. அந்த ஒரு சொல்லுக்காக நான் இரண்டு வருசம் வலியோடு பொறுத்தேன். வேறு டொக்டர்மார் கேட்டபோதெல்லாம் மகன்ரை மூட்டு வருகிறது என்று பெருமை பேசினேன்.

எங்கள் பக்கத்தில் வெங்காய நடுகை என்றால் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு வரிசையாகக் குந்துவோம். ஓரத்து வரிசையில் இருக்கிறவளின் கை வேகம்தான் மற்ற எல்லோருக்கும் வேகம். அவள் நின்றால் மற்றவர்கள் நிற்பார்கள், அவள் கதை தொடங்கினால்தான் மற்றவர்களுக்கும் வாய் திறக்கும். அந்த ஓரத்து வரிசை என்னுடையது. என் மனுசன் செத்து வீட்டில் விளக்கு எரியாமல் கிடந்த காலத்திலும், முப்பத்தோராம் நாள் முடிய நான் போய்க் குந்தியது அந்த வரிசையில்தான். அங்கே நான் ஆருடைய மனுசியும் இல்லை, ஆருடைய தாயும் இல்லை, குணலட்சுமி மட்டும்தான்.

ஒப்பரேசனுக்கு முதல் நாள் டொக்டர் கட்டிலடிக்கு வந்தார். வாகீசன் இதற்கென்றே லீவு போட்டு வந்து நின்றான். இரண்டு பேரும் இங்கிலிசில் நெடுநேரம் கதைத்தார்கள். எனக்குப் பிடிபட்ட ஒரே சொல் அம்மா. பிறகு டொக்டர் என் பக்கம் திரும்பி, "மகன் எல்லாம் சொன்னவர்தானே? உங்களுக்குச் சம்மதம்தானே?" என்றார். நான் மகனைப் பார்த்தேன். அவன், "ஓம் எண்டு சொல்லுங்கோ அம்மா" என்றான். படித்த பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது தாய் வாயைத் திறந்து டொக்டரிடம் கேள்வி கேட்டால் அது பிள்ளைக்கல்லவா குறைச்சல். ஓம் என்றேன். காட்டிய இடத்தில் கையெழுத்தும் வைத்தேன்.

"மூட்டு போட்ட உடனை ஒரு கார்ட் தந்திருப்பினம், வைச்சிருக்கிறியளோ?" என்று ஜெனிற்றா கேட்டாள். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதில் நாலு ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாக வாசித்தாள். சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது.

"அம்மா, இது வழமையா எல்லாருக்கும் போடுற மூட்டு. நல்ல மூட்டு. நடக்கலாம், படி ஏறலாம். ஆனால் குந்த ஏலாது."

"வடிவாப் பார் பிள்ளை. புதுசு ஒண்டு, என்ரை மகன் செய்தது."

"அதின்ரை பேர் இதிலை இல்லையம்மா." கார்டை மடித்து என் கைக்குள் வைத்து, கையையும் பொத்திவிட்டாள்.

என் புத்தியைப் பாருங்கள். ஓட்டோவில் வீடு வரும் வரையும் நான் எனக்காக அழவில்லை, அவனுக்காகத்தான் கவலைப்பட்டேன். ஆஸ்பத்திரியில் ஆரோ மாறிப் போட்டுவிட்டார்கள், பிள்ளை இரவு பகலாகச் செய்த சாமான், இதைக் கேட்டால் நொந்துபோவானே, எப்படிப் பக்குவமாகச் சொல்கிறது என்றுதான் வழி முழுக்க வசனம் சேர்த்துக்கொண்டு வந்தேன். பின்னேரம் அவன் போன் எடுத்ததும், "தம்பி, பதகளிக்காமல் கேள்" என்று தொடங்கிச் சொன்னேன்.

"மாறிப் போடேல்லை அம்மா" என்றான். "நான்தான் அதைப் போடச் சொன்னனான்."

"ஏன்? உன்ரை மூட்டு சரிவரேல்லையோ?"

"சரிவந்தது. ஆனால் அது நாளைக்கு நாலைஞ்சு தரம் குந்திறதுக்கு. சாப்பிடேக்கை, கும்பிடேக்கை. நீங்கள் விட்டால் ஆறு மணித்தியாலம் குந்துவியள். உள்ளுக்கை இருக்கிற பிளாஸ்ரிக் தேய்ஞ்சு, திரும்ப வெட்ட வேண்டி வரும். உங்கடை வயசுக்கு அது ஆபத்து."

"உதை எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் தோட்டத்தை விட்டிருப்பியளோ?"

விட்டிருக்க மாட்டேன். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் இன்னும் வயிறெரிந்தது. தேய்ந்தால் தேயட்டும், எனக்கு அஞ்சு வருசம் காணும் என்று சொல்லியிருப்பேன். சொல்ல எனக்கு வாய் இருந்தது. அந்த வாயில் ஓம் என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

"மடங்காத காலைப் போட்டால் கிழவி தோட்டத்துக்குள்ளை இறங்காள் எண்டு நினைச்சனீ, என்ன?"

"அம்மா, உங்கடை நன்மைக்குத்தான்..."

போனைக் கட் பண்ணினேன். பெற்ற நாளிலிருந்து அவன் கதைக்கும்போது நான் இடையில் எழும்பிப் போனதில்லை.

பயிருக்குள் புகுந்து மேய்கிற கட்டாக்காலி மாட்டுக்குக் கழுத்தில் ஒரு கட்டையைக் கட்டித் தொங்கவிடுவோம். ஓடினால் முழங்காலில் அடிக்கும், மாடு அடங்கிவிடும். என் பிள்ளை அந்தக் கட்டையை என் முழங்காலுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டான். அன்றிரவு சோறு இறங்கவில்லை. கோபம் என்றால் அப்படி ஒரு கோபம், அதற்குள்ளும் அவன் சாப்பிட்டானோ என்றொரு நினைப்பு.

அடுத்த கிழமை எங்கள் தோட்டத்தில் நடுகை. பூரணம் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து வரம்பில் வைத்து, "இருந்துகொண்டு எங்களை ஏவுங்கோ அக்கா" என்றாள். இருந்தேன். காலையில் வாகீசன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான், கோபத்தை ஆற்றவாக்கும். அவனுடைய மூட்டுக்குக் கொம்பனி செய்த விளம்பரம். முதலில் வெள்ளிபோல மினுங்குகிற மூட்டு சுழன்றது. பிறகு செம்மண்ணில் இரண்டு கால்கள், இடுப்புக்குக் கீழே மட்டும், வெள்ளைப் பொட்டுகளோடு. குந்தின, பக்கவாட்டில் நகர்ந்தன, எழும்பின.

பூரணம் எட்டிப் பார்த்தாள். "உது உங்கடை காலெல்லோ அக்கா!"

"ஓம். என்ரை கால்தான்."

பிறகு அவள் போய்த் தன் வரிசையில் குந்தினாள். அப்போதுதான் கவனித்தேன், ஓரத்து வரிசையில் ஒருத்தரும் இல்லை. ஏழு பேரும் ஒரு வரிசை தள்ளியே இருந்தார்கள். ஒருத்தரும் நடத் தொடங்கவும் இல்லை.

போனைக் கதிரையில் வைத்துவிட்டு, கதிரைக் காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். குந்த முடியவில்லை. மண்ணில் சப்பென்று இருந்தேன். வலது கால் நீட்டியபடி பாத்திக்குக் குறுக்கே கிடந்தது, வெங்காயம் வரவேண்டிய இடத்தில். காலுக்கு இந்தப் பக்கம் இரண்டு நட்டேன். எக்கி, அந்தப் பக்கம் ஒன்று நட்டேன். பக்கத்தில் பூரணமும் மூன்று நட்டுவிட்டு நிறுத்தினாள்.

கதிரையில் வீடியோ முடிந்து தானாகத் திரும்பத் தொடங்கியது. முகமில்லாத என் கால்கள் குந்தின, எழும்பின, இன்னொரு தரம் குந்தின. போன் அடித்தது. வாகீசன் என்ற பெயர் வந்து அந்தக் கால்களை மூடியது. என் கை இரண்டும் சேறு. கையை ஊன்றி, பின்பக்கத்தை ஒரு சாண் தள்ளி, காலை இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.