காதுக்குள் ஓடிய தண்ணீர்

அபிஷேகப்பாக்கத்தில் நடவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தனக்கொடிக்கு எண்பத்து மூன்றாம் வருஷ மழைக்காலத்தில் வாந்திபேதி கண்டது. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது கையில் நரம்பே தட்டுப்படவில்லை. அரங்கநாதன் என்ற இளம் டாக்டர் முழங்கை மடிப்பில் சின்னதாக அறுத்து, நீளமான மெல்லிய குழாயொன்றை உள்ளே செலுத்தினார். அது இதயத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும், மருந்து சீக்கிரம் சேரும் என்று அவள் புருஷன் வீரப்பனிடம் சொன்னார்.

மறுநாள் அவளுக்குத் தெளிவு வந்தது. டாக்டர் குழாயில் ஊசியால் மருந்தை ஏற்றியபோது தலையைச் சாய்த்தாள்.

"சார், காதுக்குள்ள தண்ணி ஓடுது. மதகு தொறந்தா மாதிரி சலசலன்னு கேக்குது."

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். டாக்டரின் கை நின்றது. தன் வைத்தியத்தில் குறை சொல்கிறாள் என்று நினைத்துவிடுவாரோ என வீரப்பன் பயந்தான்.

"அது அப்டிதான் சார். புள்ள செத்ததிலேர்ந்து காதுல இன்னாவோ கேக்குதும்பா. நீங்க மருந்து போடுங்க."

பிள்ளை செத்தது உண்மை. மற்றது அந்த நிமிஷத்தில் வாயில் வந்த பொய். தனக்கொடி அவனையே பார்த்தாள். டாக்டர் மருந்தை முழுவதும் ஏற்றிவிட்டுப் போனார். அப்புறம் மருந்து ஏறும்போதெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

இரண்டு நாளில் கழுத்து ஒருபக்கம் வீங்கிச் சிவந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். குழாய் நெஞ்சுக்கு இறங்காமல் மேலே திரும்பி, கழுத்து நரம்புக்குள் காதுப் பக்கம் வரை ஏறியிருந்தது. அங்கே ரத்தம் உறைந்துபோயிருக்கிறது என்றார்கள். குழாயை உருவி எடுத்த பிறகு டாக்டர் வீரப்பனை வராந்தாவுக்கு அழைத்தார்.

"அவங்க காதுல கேக்குதுன்னு சொன்னப்பவே நான் படம் எடுத்திருக்கணும். தப்பு என்னோடதுதான்."

"பரவால்ல சார்," என்றான் வீரப்பன். அவரைப் படம் எடுக்கவிடாமல் செய்தது தன் பொய்தான் என்பதை மறைத்துவிட்டான். அந்த இளைஞர் தலைகுனிந்து நிற்க, தான் மன்னிக்கிறவன் போல எதிரில் நின்றதில் அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

வீக்கம் வற்றப் பல நாள் பிடித்தது. ஒருநாள் கஞ்சி ஊட்டும்போது மெதுவாக ஆரம்பித்தான்.

"தனக்கொடி, அன்னிக்கு நானு..."

"கஞ்சில உப்பு இல்ல," என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கம்பக்கத்தார் விசாரிக்க வந்தார்கள். குழாய் வழி தவறிப் போனதை வீரப்பன் எல்லோருக்கும் சொன்னான். ஒவ்வொரு முறையும் காதில் தண்ணீர் ஓடியது வரை சொல்லிவிட்டு, அங்கிருந்து எக்ஸ்ரேவுக்குத் தாவினான். தனக்கொடி கூடவே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். விட்டுப்போனதை அவள் எடுத்துச் சொல்லவே இல்லை. சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.