மூன்று தேவதூதர்களின் பெயர்

கர்ப்பத்தின் எட்டாம் மாதம் தொடங்கிய அன்று ஹிண்டே கட்டில் திரையை விலக்கினாள். தலைமாட்டில் மாட்டியிருந்த, மூன்று தேவதூதர்களின் பெயர் எழுதிய காப்புத்தாளைக் காணோம்.

"நான்தான் அடுப்பில போட்டேன்," என்றான் கணவன் அன்ஷெல்.

"ஐயோ! அந்தப் பிள்ளைபிடிப் பேய் லிலித் ஜன்னல் வழியா வந்து பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிட்டா என்ன பண்றது?"

"லிலித்தாவது கிலித்தாவது! பிரசவத்துக்கு லெம்பர்க்கிலேருந்து டாக்டர் வரப்போறார். பேசாம இரு."

ஒரு காலத்தில் அவனே யூத குரு ரெப் தோதரஸிடம் எட்டு வருஷம் கபாலா என்ற மறைஞானம் படித்தவன். முதல் இரண்டு குழந்தைகளும் பிறந்த வாரத்திலேயே இறந்துபோனதும் எல்லாவற்றையும் மூட்டைகட்டிவிட்டு ஜெர்மன் புத்தகங்களில் தலையைப் புதைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை அவன் கடைக்குப் போனதும் ஹிண்டே ரெப் தோதரஸ் வீட்டுக்கு ஓடினாள். முன்பு ப்ரோடி ஊரே வரிசையில் நின்ற வாசல் அது. அதிகாரிகள் தடைபோட்டு, கபாலா புத்தகங்களைப் பெட்டி பெட்டியாக அள்ளிப்போன பிறகு, அந்தப் பக்கம் நடக்கவே ஜனங்கள் யோசித்தார்கள். கிழவர் கதவை ஒருக்களித்துத் திறந்தார்.

"ஐயா, ஒரே ஒரு தாள் எழுதிக் குடுங்க."

"முடியாதும்மா."

"போலீஸுக்குப் பயமா?"

"போலீஸ் என்னை என்ன பண்ணிடும்? உன் ரெண்டு பிள்ளைக்கும் நான்தானே எழுதினேன். ஒரு எழுத்து பிசகல. அந்தப் பேருங்களுக்குச் சக்தி இல்லேன்னா, அறுபது வருஷமா நான் யாரைக் கூப்பிட்டேன்? சக்தி இருந்தும் காப்பாத்தலேன்னா..." அவர் கதவைப் பாதி சாத்தினார். "அதை நினைக்கவே பயமா இருக்கு. போயிடு தாயீ."

கதவு சாத்திக்கொண்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஹிண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவரே பயந்தால் யாரிடம் போவது? அன்ஷெலுக்காவது பயமில்லை. அந்த ஒன்றைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

வலி கண்டது ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் டாக்டரின் முகம் மாறியது. "கால் முதல்ல வருது," என்றார்.

அப்போதுதான் பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து அது கேட்டது. அன்ஷெல் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். "சனோய், சன்சனோய்..." மூன்றாவது பெயர் வரவில்லை. தடுமாறி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

ஹிண்டே தலையைத் தூக்கிக் கேட்டாள். அப்படியானால் இவனும் பயந்துதான் கிடந்தானா?

"செமங்கெலோஃப்!" என்று அலறினாள். "சத்தமா சொல்லுங்க அன்ஷெல்!"

"என்னம்மா இது, பைத்தியக்காரத்தனம்!" டாக்டர் அதட்டினார். அதட்டியபடியே அவர் கை வேலை செய்தது. வெளியே அன்ஷெல் உடைந்த குரலில் மூன்று பெயரையும் கத்திக்கொண்டிருந்தான்.

நீலம் பாய்ந்து வந்த பெண்குழந்தை, தட்டிய நாலாவது தட்டில் அழுதது.

டாக்டர் போன பிறகு அன்ஷெல் உள்ளே வந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"டாக்டர் கெட்டிக்காரர்," என்றான்.

"ஆமா."

"நான் கத்தினதை யார்கிட்டயும் சொல்லிடாதே."

"சொல்ல மாட்டேன். இந்த வாரம் முழுக்க என்னைத் தனியா விட்டுட்டுப் போகாதீங்க."

அவன் போய், பட்டப்பகலில், ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் தாழிட்டான்.