ஒரு பௌர்ணமிக்கு முந்நூறு அடி

செங்கம் சாலையில் ரமணாசிரமத்துக்குப் பின்பக்கம் கட்டப்பட்ட மணியம்மாள் இல்லம் இப்போது அங்கே இல்லை. பன்னிரண்டு அறைகளும், மாடித் தண்ணீர்த் தொட்டியும், வாசல் வேப்பமரமும் சேர்ந்து பௌர்ணமிக்கு முந்நூறு அடி வீதம், மலையை வலப்பக்கமாக வைத்து, கிரிவலப் பாதையை ஒட்டி நகர்ந்துகொண்டிருக்கிறது. நகரும்போது அடுப்பில் இருக்கும் சாம்பார்கூடத் தளும்புவதில்லை. வழியில் இருக்கும் வீடுகள், பஸ்ஸில் மூன்றாவது ஆளுக்கு இடம் விடுகிறவர்களைப் போலச் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொள்கின்றன. விடுதி தாண்டியதும் பழைய இடத்துக்கு வந்துவிடுகின்றன. கிணறு மட்டும் கூட வரவில்லை. அது செங்கம் சாலையிலேயே நின்றுவிட்டதால் பத்து வருடங்களுக்கு மேலாக லாரித் தண்ணீர்தான்.

அந்த இடம் முதலில் தசரதனின் மணிலாக் கொல்லை. எண்பத்தாறாம் வருடம் ஒரு ஜெர்மன்காரப் பெண், மலை நன்றாகத் தெரிகிறது என்று அவருடைய பம்ப்செட் அறையை மூன்று மாதத்துக்குக் கேட்டாள். பம்ப்செட்டை என்ன செய்வது என்று தசரதன் கேட்டார். அதுவும் இருக்கட்டும் என்றாள். அவள் போன பிறகு அவளுடைய சிநேகிதர்கள் வந்தார்கள், அவர்களுக்காக இன்னோர் அறை, அப்புறம் ஒரு மாடி, இப்படியே மணிலாக்கொட்டை போடுவது நின்று கட்டில் போடுவது தொடர்ந்தது. பெண்டாட்டி பெயரில் பலகை மாட்டியபோது தசரதன் ஒரு வழக்கத்தையும் சேர்த்தே வைத்தார். பௌர்ணமியன்று குடும்பத்தார் தங்கள் படுக்கையறையையும் வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு அடுக்களையில் பாய் போட்டுக்கொள்ள வேண்டும். நடந்து வருகிறவர்களுக்கு வெந்நீரும் சாப்பாடும் தயாராக இருக்க வேண்டும். அதனால் வீட்டில் யாரும் கிரிவலம் போகக் கூடாது. மலையடியிலேயே பிறந்து, லட்சக்கணக்கான பேருடைய கால்வலிக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்து, தாங்கள் மட்டும் ஒரு சுற்றுக்கூடப் போகாத குடும்பம் ஊரில் அது ஒன்றுதான். தசரதனும் மணியம்மாளும் போகாமலேயே செத்துப்போனார்கள். அதில் அவர்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவர்கள் மகன் இராமலிங்கத்துக்கு அந்தப் பெருமை போதவில்லை. இரண்டாயிரத்துப் பதினான்கு ஐப்பசிப் பௌர்ணமி மத்தியானம், ஐம்பது வயது முடிந்த மறுவாரம், அவர் அடுக்களைக்கு வந்து மனைவி சந்திரகலாவிடம் தானும் ஒரு தடவை போய்விட்டு வரட்டுமா என்று கேட்டார். அவள் அறுபது பேருக்கு மாவரைத்துக்கொண்டிருந்தாள். மகள் ஓவியாவுக்குப் பரீட்சை. உதவிக்கு வருகிற தனம் அன்றைக்கென்று வரவில்லை. சந்திரகலா நல்லவள்தான், ஆனால் வேலை நெருக்கும்போது நாக்கு அவள் பேச்சைக் கேட்காது.

"பன்னெண்டு ரூம்பும் ஃபுல்லு. என்னைத் தனியா வுட்டுட்டுப் போறதுன்னா அப்டியே போய்க்கினே இருங்க. இந்தப் பக்கம் திரும்பி வராதீங்க" என்றாள்.

இருபத்து மூன்று வருடக் குடித்தனத்தில் இராமலிங்கம் அவள் சொல்லை ஒருமுறைகூடத் தட்டியதில்லை. செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டுக் கூட்டத்தோடு இறங்கி நடந்தார். அந்தச் சொல்லையும் அவர் தட்டவில்லை.

மூன்று நாள் தேடினார்கள். போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த பௌர்ணமியில் அவரைப் பார்த்ததாக முதல் தகவல் வந்தது. பாதையைச் சுற்றி நிற்கும் எட்டு லிங்கங்களில் ஒன்றான எம லிங்கத்தருகே டீ குடித்தார், காசு கொடுத்தார், போய்விட்டார் என்று டீக்கடைக்காரர் சொன்னார். அன்றுதான் விடுதி முதல் முந்நூறு அடி நகர்ந்தது. அதன் பிறகு எல்லாப் பௌர்ணமியிலும் இப்படித்தான். மற்ற நாட்களில் அவர் யார் கண்ணிலும் படுவதில்லை. பௌர்ணமியன்று விடுதி எங்கே நிற்கிறதோ அதற்கு ஒரு லிங்கம் முன்னால் அவரைப் பார்த்ததாக யாராவது வந்து சொல்வார்கள். சந்திரகலா ஓடுவாள். பாதை முழுக்க முதுகுகளாக இருக்கும், ஆயிரம் வெள்ளை வேட்டிகளில் எது அவருடையது என்று தெரியாது. வாசலிலேயே நாற்காலி போட்டுக் காத்திருந்தும் பார்த்தாள். இந்தப் பக்கம் வராதே என்று சொல்லியிருந்தாள் அல்லவா, விடுதி வரும் இடத்தில் அவர் தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்தின் அந்தப் பக்கமாகப் போய்விடுகிறார் என்று பொரி விற்கிறவர்கள் சொன்னார்கள்.

ஊர் இதற்கெல்லாம் சீக்கிரம் பழகிக்கொண்டது. லைன்மேன் மாதத்துக்கு ஒருமுறை வந்து ஒயரை நீட்டிவிட்டு ஒரு காபி குடித்துவிட்டுப் போனார். தபால்காரர் முகவரியில் 'மலையைச் சுற்றி' என்று எழுதினால் போதும் என்றார். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் ஒரு திங்கட்கிழமை மனு கொடுத்தபோது, வீட்டை நிறுத்திவைக்கச் சட்டத்தில் இடமில்லை, ஆனால் போகிற வழியில் கால்வாயை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகவே பதில் வந்தது. போனில் மேப் பார்த்து வந்த விருந்தினர்கள் வெற்று மனையில் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு ஓவியாவுக்குப் போன் செய்தார்கள். கொரோனாவில் கிரிவலத்துக்குத் தடை போட்டபோது விடுதியும் அரசு உத்தரவுக்குக் கட்டுப்பட்டு ஆதி அண்ணாமலையருகே இரண்டு வருடம் அசையாமல் நின்றது. அந்த இரண்டு வருடம் இராமலிங்கத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சந்திரகலாவின் தலை முழுக்க நரைத்தது அப்போதுதான். தன் வாயால் சொன்ன ஒரு வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், அதற்கு அவர் காது வேண்டும், அவள் ஆசைப்பட்டதெல்லாம் அவ்வளவுதான். அவளை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

தடை நீங்கி மூன்று வருடம் கழித்து, விடுதி குபேர லிங்கத்தருகே வந்திருந்த சித்திரைப் பௌர்ணமியில், அவள் எதிர்ப்பக்கமாக நடப்பது என்று முடிவு செய்தாள். பின்னால் போனால் முதுகுதான் தெரியும், எதிரே போனால் முகம் தெரியும் என்கிற சின்னக் கணக்கு அவளுக்குப் பத்தரை வருடமாகத் தோன்றாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. மலையை இடமாக யாரும் சுற்றுவதில்லை. வீட்டுக்குள் துளசி மாடத்தைக்கூட அவள் இடமாகச் சுற்றியதில்லை. பாவம் வந்து சேரும், ஊர் என்ன பேசும், விடுதிக்கு யார் வருவார்கள் என்று ஓவியா தடுத்தாள். இருக்கிற பாவத்தோடு இதுவும் சேரட்டும் என்று சொல்லிவிட்டு, விடிந்ததும் இறங்கினாள்.

மேற்கே வாயு லிங்கம், ஆதி அண்ணாமலை, வருண லிங்கம் என்று வெயிலில் நடந்தாள். ஆற்றுக்கு எதிரே போகிற மாதிரி கூட்டம் அவளைத் தள்ளியது. சிலர் திட்டினார்கள். ஒரு போலீஸ்காரர் கையைப் பிடித்துத் திருப்பி விட்டார், அவர் போனதும் மறுபடி திரும்பினாள். அன்று அவள் பார்த்த அளவு முகங்களை அந்த ஊரில் வேறு யாரும் ஒரே நாளில் பார்த்திருக்க முடியாது. வேண்டுதலோடு வந்தவர்கள், வேலை கிடைக்காதவர்கள், வயிற்றில் கட்டி இருப்பவர்கள், கல்யாணம் ஆகாதவர்கள் எல்லோரும் முதுகில் ஒன்றும் காட்டாமல் முகத்தில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். நிருதி லிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், மத்தியானம் ஒரு மணிக்கு, எதிரே இராமலிங்கம் வந்தார்.

அதே கட்டம் போட்ட சட்டை. ஒரு முடி நரைக்கவில்லை. ஐம்பது வயது முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அவள் அவரைவிட நான்கு வயது மூத்தவளாகிவிட்டிருந்தாள்.

"எதிர்ல வரக்கூடாதும்மா. தோசம். திரும்பி நடங்க" என்றார் அவர், பெரியவர்களிடம் பேசுகிற பணிவோடு.

சந்திரகலா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நான்தாங்க கலா, வீட்டுக்கு வாங்க, அன்னிக்குச் சொன்னதை மனசுல வச்சிக்காதீங்க என்று சொன்னாள். இராமலிங்கம் அவளை இரக்கத்தோடு பார்த்தார். வெயிலில் யாருக்கோ தலை சுற்றிவிட்டது என்று நினைத்திருக்கலாம்.

"எங்க வீட்ல இருக்கிறதுக்கு இம்மாம் நரை கிடையாதும்மா" என்றார். "கோவமா இருக்குது. போய்க்கினே இருன்னு சொல்லிடுச்சி. இந்த ஒரு சுத்து முடியட்டும், அதுக்குள்ள கோவம் கம்மி ஆயிடும், அப்பறம் போறேன்."

அவருக்கு அது இன்னும் முதல் சுற்று. பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்கி அவள் கையில் கொடுத்துவிட்டு நடக்கத் தொடங்கினார். அவள் அழவில்லை என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அழுதிருந்தால் நேரமாகியிருக்கும், அவர் கூட்டத்தில் கலந்திருப்பார். மோரைக் குடித்துவிட்டு, எல்லோரும் நடக்கிற பக்கம் திரும்பி, வேகமாகப் போய் அவர் பக்கத்தில் சேர்ந்துகொண்டாள்.

அதிலிருந்து எல்லாப் பௌர்ணமியும் அவள் நிருதி லிங்கத்தருகே போய் நிற்கிறாள். மத்தியானம் ஒரு மணிக்கு அவர் வருகிறார். முந்தின பௌர்ணமியில் பார்த்தது அவருக்கு ஞாபகமிருப்பதில்லை. துணைக்கு நடந்து வரலாமா என்று அவள் புதிதாகக் கேட்கிறாள், வாங்கம்மா என்கிறார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கிறார்கள். விடுதி வரும் இடத்தில் அவர் தலையைக் குனிந்து அந்தப் பக்கம் போகிறார், அவளும் போகிறாள். வடக்கே திரும்பும் வளைவில் ஒரு தடவை, உங்க வீட்டம்மா எப்படிங்க என்று அவள் கேட்டாள்.

"வாய்தாம்மா ஜாஸ்தி" என்றார் இராமலிங்கம். "மனசு அப்டி இல்ல. இப்பக்கூடப் பாருங்க, நான் வராம ஒரு வாய் சாப்புடாது."

ஐப்பசியில் அவர் போய்த் திரும்பி வராத மறுநாள் காலையில், கோபத்தில், சந்திரகலா ஆறு இட்லி சாப்பிட்டிருந்தாள். வழக்கமாக நான்குதான்.

"ஆமாங்க" என்றாள் அவரிடம். "சாப்புட்டிருக்க மாட்டாங்க."

மணியம்மாள் இல்லம் இப்போது குபேர லிங்கத்தைத் தாண்டி கடைசியான ஈசானிய லிங்கத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது. அறை வேண்டும் என்று போன் செய்கிறவர்களிடம், பௌர்ணமியன்று அம்மா வெளியே போய்விடுவார், அவர் திரும்பும் வரை அடுப்பு பற்றவைப்பதில்லை, அதற்குச் சம்மதமானால் வாருங்கள் என்று ஓவியா சொல்லிவிடுகிறாள். அநேகமாக எல்லோரும் சம்மதிக்கிறார்கள்.